பக்கத்து சீட்டு பிரேக்

மத்தியான வெயிலில் மெக்கானிக் ஷெட்டின் தகரக் கூரை முறுக்கி டப் டப்பென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அக்கா காரை உள்ளே விட்டு, இறங்கி, சாவியைத் தம்பியின் கையில் போட்டாள்.

"திரும்பவும் மூச்சை விட்டுடுச்சு."

"எப்படி?"

"அதே மாதிரிதான். கொஞ்சம் வேகம் எடுத்தா போதும், சண்டி மாடு மாதிரி படுத்துக்குது. பின்னாடி வந்த லாரிக்காரன் நம்ம வம்சத்தையே விசாரிச்சுட்டுப் போனான்."

அவள் சிரிக்கவில்லை. அவள் புருஷன், மாமா, செத்துப்போனதிலிருந்து அக்கா எதைச் சொன்னாலும் பஸ் நேரம் சொல்வது போலத்தான் சொல்கிறாள். அவனும் அப்படித்தான். இந்த ஷெட்டே மாமாவும் அவனும் சேர்ந்து போட்டதுதான். மாமாவின் ஸ்பேனர்கள் இன்னும் அதே ஆணிகளில் தொங்குகின்றன. பார்த்தால் அழுகை வர வேண்டும். வருவதில்லை.

திங்கட்கிழமை அக்காவுக்குப் புது வேலை. ஒரு நீண்ட இறக்கத்தைத் தாண்டி, பஸ் போகாத இடத்தில். அதற்காகவே இந்தப் பழைய காரை வாங்கியிருந்தாள். கார் ஓடினால் தனியாக ஒரு வாழ்க்கை. இல்லாவிட்டால் மாமியார் வீட்டு மாடியறை. இறக்கத்தில், லாரிகளுக்கு முன்னால் எஞ்சின் படுத்தால் இரண்டுமே இல்லை.

அவன் ஸ்கேனரைச் செருகினான். பழுது இருந்தால் காரின் கம்ப்யூட்டர் ஒரு எண்ணைக் காட்டும். எதையும் காட்டவில்லை.

"நான் நல்லாத்தானே இருக்கேங்குது உன் வண்டி."

"என்னைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்," என்றாள் அக்கா.

எண் வராத பழுது என்றால் மெக்கானிக்கைக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான். பெட்ரோல் பம்ப், பிளக், ஏர் ஃபில்டர், எர்த் வயர் என்று ஒன்று விடாமல் ஏற்கனவே பார்த்துவிட்டான். மிச்சம் ஒரே வழி. ஓட வைத்து, ஓடும்போது ஒவ்வொரு சென்சாரும் என்ன சொல்கிறது என்று டேப்லெட்டில் பார்ப்பது.

அவன் ஓட்டினான். அக்கா பக்கத்து சீட்டில் டேப்லெட்டோடு. குடோன்களுக்குப் பின்னால் போகும் காலி ரோடு. ஜன்னல் வழியாக அனல் அடித்தது. ஆனால் உள்ளே எங்கிருந்தோ நனைந்த செருப்பின் வாடை.

"கீழ சில்லுன்னு இருக்குடா." அவள் இரண்டு கால்களையும் தூக்கி சீட்டின் மேல் மடித்துக்கொண்டாள்.

"ஏசியே போடலியே."

வேகம் ஏறியது. ஏறிய அடுத்த நொடி எஞ்சின் தொண்டையைப் பிடித்தாற்போல் அடங்கியது.

"என்ன காட்டுது?"

"என்னென்னவோ காட்டுது. பிரேக் மிதிச்சிருக்குன்னு காட்டுது."

அவன் குனிந்து பார்த்தான்.

பிரேக் பெடல் மேலேதான் இருந்தது. அதன் மேல் எந்தக் காலும் இல்லை.

ஆக்ஸிலேட்டரும் பிரேக்கும் ஒரே நேரத்தில் அழுந்தினால் கம்ப்யூட்டரே எஞ்சினை அடக்கிவிடும். பாதுகாப்புக்காக. அது பழுதல்ல, கம்ப்யூட்டர் தன் வேலையைச் சரியாகப் பார்க்கிறது. அதனால்தான் எண் வரவில்லை.

யாரோ பிரேக்கை மிதிக்கிறார்கள். அவ்வளவுதான்.

ஷெட்டுக்கு வந்து பிரேக் சுவிட்சைப் புதிதாக மாற்றினான். மறுபடி ஓட்டினான். மறுபடி அதே கதை. வயர் போகும் வழியைத் தேடிப் பக்கத்து சீட்டின் காலடியில் கிடந்த மிதியடியைத் தூக்கியபோது, தரையில் ரப்பர் வைத்து அடைத்த ஓட்டைகள் தெரிந்தன. அங்கே ஒரு காலத்தில் பக்கத்து சீட்டுக்காரருக்கென்று இன்னொரு பிரேக் பெடல் இருந்திருக்கிறது.

"வித்தவன் என்னக்கா சொன்னான்?"

"டிரைவிங் ஸ்கூல் வண்டியாம். கத்துக்குடுக்கிறவர் ஒரு ஆக்ஸிடென்ட்ல அந்த சீட்லயே செத்துப்போய்ட்டாராம். அதான் விலை கம்மி."

"இதை முன்னாடியே சொல்ல மாட்டியா?"

"புருஷன் செத்த கட்டில்ல படுத்து எந்திரிக்கிறேன். சீட்டுக்குப் போய் பயப்படச் சொல்றியா?"

அவனுக்கும் பயம் வரவில்லை. வந்திருந்தால் நல்லது. பிரேக் சுவிட்சிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போகும் வயரைத் தேடி நறுக்கினான். பிரேக் பிடிக்கும், பின் விளக்கு எரியும், கம்ப்யூட்டருக்கு மட்டும் விஷயம் போகாது. மாமா இருந்திருந்தால் கையைத் தட்டிவிட்டிருப்பார்.

வயரை நறுக்கினால் கண்டிப்பாக ஓர் எண் வர வேண்டும்.

அதுவும் வரவில்லை.

கார் பறந்தது. ஓட்டிவிட்டு இறங்கியபோது வலது கால் முழங்கால் வரை மரத்திருந்தது. நாள் முழுக்கக் குந்தி வேலை பார்த்ததால் என்று நினைத்துக்கொண்டான்.

திங்கட்கிழமை காலை அக்கா கிளம்பிப் போன பிறகு, டேப்லெட்டில் கிடந்த பழைய பதிவுகளை அழிக்க உட்கார்ந்தான். பிரேக் எப்போது அழுந்தியது என்று காட்டும் வரைபடக் கோடு தெரிந்தது. அன்று அவன் அதை மட்டும்தான் பார்த்திருந்தான். அதற்குக் கீழே இன்னொரு கோடு. ஆக்ஸிலேட்டர் பெடல்.

அவன் கால் பாதிக்கு மேல் அழுத்தவே இல்லை. கோடு உச்சியைத் தொட்டிருந்தது.

அதற்குப் பிறகுதான் பிரேக்.

அடுத்த பதிவிலும் அப்படித்தான். முதலில் ஆக்ஸிலேட்டர் முழுசாக. அப்புறம் பிரேக்.

கத்துக்கொடுப்பவர் இருந்தது பக்கத்து சீட்டில். அப்படியானால் ஓட்டும் சீட்டில் கத்துக்க வந்த ஆள் இருந்திருக்கிறது. அந்த ஆளும் செத்த பிறகும் இன்னும் இறங்கவில்லை. பக்கத்து சீட்டுக்காரர் இத்தனை நாளாக அந்தக் காலோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

அவர் பிரேக்கைத்தான் இவன் நறுக்கியிருக்கிறான்.

போன் அடித்தது. அக்கா.

"டேய், சூப்பரா போகுதுடா. நான் ஒண்ணுமே பண்ண வேணாம் போல இருக்கு."

"எங்கக்கா இருக்க?"

"இறக்கம் ஆரம்பிச்சிடுச்சு."

"ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடு. பிரேக்கை மிதி. உடனே."

"எடுத்துட்டேனே."

"எப்போ?"

"அப்பவே." பஸ் நேரம் சொல்லும் அதே குரல். "ரெண்டு காலையும் தூக்கி சீட்டு மேல வச்சுக்கிட்டேன். கீழ சில்லுன்னு இருந்துச்சுடா."

அவள் குரலுக்குப் பின்னால் எஞ்சின் சத்தம் ஏறிக்கொண்டே இருந்தது.