போனுக்குக் கேட்டது

யாரோ தட்டுகிறார்கள் என்று போன் மூன்றாவது தடவையாக எழுதிக் காட்டியது. ஐயாவு மூன்றாவது தடவையாக எழுந்து போய்க் கதவைத் திறந்தார். ஈ காக்கா இல்லை. மழைக்கு முந்திய மங்கலில் ரப்பர் மரங்கள் அசையாமல் நின்றன. வாசல் மூலையில் சாக்கில் கட்டி வைத்திருந்த, உறைந்த ரப்பர் ஒட்டுப்பாலின் புளித்த நாற்றம்தான் முகத்தில் அடித்தது. "சனியன் புடிச்ச சாமான்" என்று திட்டிக்கொண்டே கதவைச் சாத்தினார்.

ஐயாவுக்குக் காது கேட்காது. அதனால்தான் இந்தக் கூத்தெல்லாம். கொழும்பில் துணிக்கடையில் வேலை செய்யும் மகள் ஷாமிளா நேற்று வந்தவள், தன் டேட்டாவைச் செலவழித்து அவருடைய போனுக்குப் புது அப்டேட் ஒன்றை இறக்கினாள். காலையில் தேத்தண்ணியோடு பாடம் தொடங்கியது. குவளையைத் தட்டினாள், 'தட்டும் சத்தம்' என்று திரையில் எழுத்து வந்தது. குழாயைத் திறந்தாள், 'தண்ணீர் ஓடுகிறது' என்றது. சத்தம் எவ்வளவு பெரியது என்று காட்ட ஓரத்தில் பச்சைக் கோடுகள் ஏறி இறங்கின. பேசினால் அந்தப் பேச்சையே எழுதியது.

"எங்க, என்னமாச்சும் சொல்லு பாப்பம்" என்றார் ஐயாவு.

அவள் உதடு அசைந்தது. திரையில் வந்தது: "வாரத்துக்கு ஒருக்காவாச்சும் தலைக்குக் குளிங்கப்பா. நாறுது."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து இரண்டு வருஷமாயிற்று. "இனிமே இதுதான் ஒங்களுக்குக் காது, பக்கத்துலயே வச்சிக்கங்க" என்று சொல்லிவிட்டு, இரண்டு மணிக்கு அவள் தெஹியோவிட்ட பஸ்ஸைப் பிடிக்க இறங்கிப் போனாள்.

நாலரைக்கு முதல் தட்டு.

நாலாவது தட்டு வந்தபோது அவர் கதவுக்குப் போகவில்லை. போனைக் கையில் எடுத்துக்கொண்டு, அவருடைய வீடான காம்பராவின் நடுவில் நின்றார். பச்சைக் கோடு இரண்டு. முன்வாசல் பக்கம் நடந்தார், ஒன்றாகக் குறைந்தது. அடுப்படிப் பக்கம் திரும்பினார், மூன்றானது. பின்கதவுக்குக் கிட்டே போனபோது நாலு.

பின்கதவை அவர் சாமானியத்தில் திறப்பதில்லை. அந்தப் பக்கம் மண்மேடு.

பத்துக் காம்பரா வரிசையாக ஒட்டி நின்ற லயத்தில் கடைசி மூன்றையும் இரண்டு வருஷத்துக்கு முந்தி மலை சரிந்து வந்து மூடியது. எட்டாவது அவருடையது. உள்ளே அவர் பெண்சாதி மூக்காயி இருந்தாள். புது வீடு கட்டித் தருகிறோம் என்று சொல்லிப் படம் பிடித்துக்கொண்டு போனவர்கள் போனவர்கள்தான். தற்காலிகம் என்று சொல்லி ஏழாவது காம்பராவின் சாவியைக் கொடுத்தார்கள். நல்ல தற்காலிகம்! மிச்சச் சனமெல்லாம் பயந்து பழைய பள்ளிக்கூடக் கட்டடத்துக்குப் போய்விட்டது. ஐயாவு போகவில்லை. மூக்காயியின் உடம்பு கிடைக்கவே இல்லை, அவளை விட்டுவிட்டு அவர் எங்கே போவது?

கதவைத் திறந்தார். ஈர மண் வாசமும் அழுகிய வேர் நாற்றமும் சேர்ந்து வந்தன. மேட்டில் ஆளுயரத்துக்கு மானாப்புல் மண்டிக் கிடந்தது, காற்றே இல்லாத நேரத்தில் அதன் நுனிகள் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தன. தூறல் விழத் தொடங்கியிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். கையை நீட்டிப் பார்த்தார், தூறல் இல்லை.

தட்டும் சத்தம். கோடு ஐந்து.

இரண்டு வருஷமாக அவர் யாரிடமும் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. மண் சரிந்த மறுநாள் தேட வந்த அதிகாரி மண் தோண்டும் மெசினை நிறுத்தச் சொன்னார். விசில் ஊதி எல்லோரையும் சும்மா இருக்கச் சொன்னார். லயத்து வீடு எது எங்கே இருந்தது என்று வெளியாட்களுக்கு எப்படித் தெரியும்? அதனால் ஒவ்வொரு வீட்டு ஆளையும் அவரவர் காம்பரா இருந்த இடத்துக்கு நேர் மேலே நிறுத்தினார்கள். அடியில் யாராவது தட்டுகிறார்களா, கூப்பிடுகிறார்களா என்று கேட்டுச் சொல்ல வேண்டும். ஐயாவு எட்டாவது காம்பராவுக்கு மேலே நின்றார்.

ரப்பர் தொழிற்சாலையில் முப்பது வருஷம் ரோலர் மெசினோடு நின்று, மண் சரிவதற்கு நாலு வருஷத்துக்கு முந்தியே அவருக்குக் காது போயிருந்தது. தெரிந்தால் பேர் வெட்டி வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள். மூக்காயிதான் மறைத்து வைத்தாள். யாராவது பேசினால் பக்கத்தில் நின்று கையால் சாடை காட்டுவாள். மகள் போன் எடுத்தால், "அப்பாவுக்குப் போன்ல பேசக் கூச்சம்" என்பாள். அன்றைக்குச் சாடை காட்ட அவள் பக்கத்தில் இல்லை.

அதிகாரி தன் காதைத் தொட்டுக் காட்டிப் புருவத்தை உயர்த்தினார். பக்கத்தில், பேர் வெட்டுகிற தொழிற்சாலை மேலதிகாரி நின்றார். ஐயாவு அவரைப் பார்த்தார். 'எனக்குக் காது கேக்காது' என்ற மூன்று வார்த்தை தொண்டை வரை வந்தது. வந்து நின்றுவிட்டது.

"முகுத் நே, மாத்தயா" என்றார். ஒன்றுமில்லை ஐயா என்று சிங்களத்தில் சொன்னார், நன்றாகவே உரக்கச் சொன்னார்.

மெசின் பத்தாவது காம்பராவுக்குப் போனது. அங்கிருந்து இரண்டு பேரை உயிரோடு தூக்கினார்கள். எட்டாவதுக்குத் திரும்பி வருவதற்குள் மறுபடியும் மண் இறங்கியது. அந்தக் கேடுகெட்ட தொழிற்சாலையை மூன்றாம் மாதமே பூட்டினார்கள், அவர் பேரையும் வெட்டினார்கள். மண் விழுந்த அதிர்ச்சியில் அப்பாவுக்குக் காது போய்விட்டது என்று ஷாமிளா நினைத்தாள். அவரும் அப்படியே நினைக்க விட்டார்.

இப்போது மேட்டில் ஏறினார். கால் சறுக்கியது. புல்லை விலக்கி, எட்டாவது காம்பராவின் அடுப்படி இருந்த இடத்தில் போனை வைத்தார். கோடுகள் உச்சிக்கு ஏறின. இறங்கின. ஏறின.

தட்டும் சத்தம்.

தட்டும் சத்தம்.

குந்தி உட்கார்ந்து உள்ளங்கையை மண்ணில் வைத்தார். காது போன பிறகு அவருக்குச் சத்தம் என்றால் கையும் காலும்தான். ரோலரில் ஒரு பல் தேய்ந்தால் மற்றவர்களுக்கு முன்னால் அவருடைய பாதத்துக்குத் தெரியும். மண் சரிந்த அன்றைக்கு யாரோ கொடுத்த தடித்த ரப்பர் கம்பூட்ஸ் காலில் இருந்தது. குனிந்து கையையாவது வைத்துப் பார்த்திருக்கலாம். பாவி, அதைக்கூடச் செய்யவில்லை.

உள்ளங்கையில் தட்டு வந்தது.

மெதுவாக. ஒன்று. இடைவெளி. இன்னொன்று.

"மூக்காயி" என்றார். தன் குரல் வெளியே வந்ததா என்று அவருக்குத் தெரியவில்லை. போன் அதை எழுதியது: "மூக்காயி."

தட்டு நின்றது.

மழை பிடித்தது. திரையில் துளிகள் விழுந்தன. சட்டையால் துடைத்தார். காத்திருந்தார். ஒன்றும் இல்லை. தோளில் ஒரு கை விழுந்தது. ஐயாவு அலறித் திரும்பினார்.

ஷாமிளா. நனைந்த குடை, முழங்கால் வரை சேறு. அவள் வாய் அசைந்தது, இருவருக்கும் நடுவில் கிடந்த போன் எழுதியது: "ரோட்டுல மரம் விழுந்துருச்சு, பஸ் இல்ல. என்னப்பா இது, மழையில இங்க வந்து குந்திக்கிட்டு?"

அவள் வாயை மூடினாள்.

போன் நிறுத்தவில்லை.

"மாத்தயா."

"மாத்தயா, போகாதீங்க."

ஷாமிளாவின் உதடுகள் ஒட்டியே இருந்தன. ஐயாவு அவற்றையே பார்த்தார். தன் வாயையும் தொட்டுப் பார்த்தார்.

"அந்தாளுக்குக் காது கேக்காதுங்க மாத்தயா."

"நாலு வருசமாக் கேக்காது."

"நான் உள்ளதான் இருக்கேன்."

போனைப் பொத்த அவர் கை போனது. அதற்குள் அவள் குனிந்து எடுத்துவிட்டாள். படித்தாள். இன்னொரு தடவை முதலிலிருந்து படித்தாள். பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு எழுத்து வேண்டியிருக்கவில்லை.

"தெரியாமப் பண்ணிட்டேன் பாப்பா" என்றார். "பேர் வெட்டிருவாங்கன்னு..."

அவள் கேட்கவில்லை. குடையை எறிந்துவிட்டு முட்டிபோட்டுப் புல்லைப் பிடுங்கினாள். இரண்டு கையாலும் மண்ணைத் தோண்டினாள். நகம் பிய்ந்து ரத்தம் வந்தது. அவள் வாய் திறந்து திறந்து மூடியது. சேற்றில் விழுந்த போன் வேகமாக எழுதியது. அம்மா. தோண்டு. இருக்கியா. இருக்கேன். மூச்சு முட்டுது. அம்மா. இன்னும் கீழ. எந்த வரி யாருடையது என்று அவருக்குப் பிரித்தறிய முடியவில்லை.

ஐயாவுவின் உள்ளங்கை இன்னும் மண்ணில்தான் இருந்தது. எடுக்கப் பயம். கீழே தட்டு மறுபடியும் தொடங்கியது. வேகமாக. ஒரு கை தட்டுகிற தட்டு இல்லை. பல கைகள். எட்டாவதிலிருந்து ஒன்பதாவதுக்கு, ஒன்பதாவதிலிருந்து பத்தாவதுக்கு, மேடு முழுக்க.

பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. மண் அடியிலிருந்து மெல்ல உப்பி, அவருடைய கையை மேலே தூக்கியது.