பெயரில் இருந்த நிலம்

மருதையன் முன்னால் வைத்த பழைய சோறு அப்படியே இருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த மனைவி அம்சம் முந்தின நாள் கேட்டதையே மறுபடியும் கேட்டாள்.

"நம்ம பேர்ல எப்படிங்க நாலு ஏக்கர் நஞ்சை வந்துச்சு?"

அவர்கள் மகள் வளர்மதிக்குக் கும்பகோணத்தில் பட்டப்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளின் கல்லூரிச் சம்பளத்தையும் விடுதிச் செலவையும் அரசே ஏற்கும் என்று அந்த ஆண்டுதான் சட்டம் வந்திருந்தது. வருமானச் சான்று கேட்டுத் தாலுகா ஆபீசுக்குப் போனவளை, உன் அப்பா நிலக்காரர், உனக்கு உதவி கிடையாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மருதையனோ பண்ணை நாகநாதனின் வயலில் ஏர் ஓட்டுகிறவர். அம்சம் அதே வயலில் நடவு நடுகிறவள்.

மருதையன் சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு உண்மையைச் சொன்னார். நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது, கைவிட்டுப் போகவிருந்த நிலங்களை நாகநாதன் நம்பிக்கையான ஆட்கள் பெயரில் எழுதி வைத்தார். மருதையனும் அதில் ஒருவர். பெயர்தான் அவருடையது; விளைச்சல் பண்ணைக் களத்துக்கே போனது. பெண்டாட்டியிடமும் சொல்லக்கூடாது என்று நாகநாதன் வாக்கு வாங்கியிருந்தார். அறுப்பு வயலில் பாம்பு கடித்து விழுந்த மருதையனைத் தன் காரிலேயே தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் பிழைக்க வைத்த மனிதர் அவர். அவரிடம் மறுத்துப் பேச மருதையனுக்கு நா எழவில்லை.

சான்று கிடைக்காத விஷயம் நாகநாதன் காதுக்குப் போயிற்று. இருவரையும் கூப்பிட்டு, வளர்மதியின் படிப்புச் செலவைத் தானே ஏற்பதாகச் சொன்னார். மருதையன் கண்கலங்கிக் கும்பிட்டார். வாய்க்கால் கரையில் திரும்பி வரும்போதுதான் அம்சம் சொன்னாள்.

"வேணாங்க. அவரு படிக்க வச்சா, நாளைக்கு இன்னொரு பத்திரத்துல நம்ம பொண்ணு கையெழுத்தக் கேப்பாரு. சர்க்காரு குடுக்குறது நம்மள மாதிரி ஆளுங்களுக்குன்னு சட்டம் போட்டுக் குடுக்குறது. அத வாங்குனா யாருக்கும் கைகட்டி நிக்க வேண்டியதில்ல."

மருதையன் கோபமாக முன்னால் நடந்துவிட்டார். மறுநாள் அம்சம் தனியாகத் தாலுகா ஆபீசுக்குப் போய், அந்த நிலம் தங்களுடையது அல்ல என்று தாசில்தாரிடம் சொல்லிவிட்டு வந்தாள்.

அவள் வீடு திரும்புவதற்குள் செய்தி பண்ணைக்கு எட்டிவிட்டது. நிலத்தை என்னிடமிருந்து பிடுங்கிக்கொள்ளத்தான் உன் பெண்டாட்டி ஆபீஸ் ஏறியிருக்கிறாள் என்று நாகநாதன் மருதையனிடம் சொன்னார். மருதையன் நம்பினார். அவருடைய அக்கா காளியம்மாள், தம்பியின் உயிரைக் காப்பாற்றிய வீட்டுக்கு இவள் துரோகம் செய்துவிட்டாள் என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"நிலத்து மேல ஆசைப்பட்டு என் வாக்கக் கெடுத்துட்ட. இனிமே இந்த வீட்டுல இருக்காத" என்றார் மருதையன்.

அம்சம் அவர் முகத்தைப் பார்த்தாள். ஆபீசில் என்ன சொன்னாய் என்று அவர் ஒரு வார்த்தை கேட்பார் என நின்றாள். அவர் கேட்கவில்லை. அத்தைக்கும் அப்பாவுக்கும் சோறு பொங்கிப் போடச் சொல்லி மகளை விட்டுவிட்டு, முத்துப்பேட்டையில் இருந்த தம்பி துரைக்கண்ணு வீட்டுக்கு பஸ் ஏறினாள்.

விசாரணைக்கு மருதையனைக் கூப்பிட்டார்கள். நிலம் தன்னுடையதே என்று சொல்லத் தயாராகத்தான் அவர் போயிருந்தார். நாகநாதன் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

தாசில்தார் சொன்னார்: "உங்க பேர்ல இருக்குற நிலத்த உங்களதுன்னே சொல்லிட்டா பண்ணையால ஒண்ணும் பண்ண முடியாதுன்னு உங்க வீட்டம்மாகிட்ட நானே சொன்னேன். 'எங்களுது இல்லாதத எங்களுதுன்னு சொல்ல மாட்டேன் ஐயா, அத இல்லாதவங்களுக்குக் குடுங்க, எம்பொண்ணுக்குப் படிப்ப மட்டும் குடுங்க'ன்னுட்டாங்க. இப்ப நீங்க சொல்லுங்க. நிலம் யாருது?"

மருதையன் நாகநாதனைத் திரும்பிப் பார்த்தார். அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எனக்கு உசுரு குடுத்தவரு இவரு. அத நான் மறக்கல" என்றார் மருதையன். "ஆனா நிலம் எனக்குச் சொந்தமில்லீங்க. பேருதான் என்னுது."

நிலத்தை அரசு எடுத்துக்கொண்டு, நிலமில்லாத சில குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. அதில் மருதையனுக்குப் பங்கில்லை. பண்ணையிலும் வேலை போயிற்று. மன்னார்குடிப் பக்கம் கூலிக்குப் போகத் தொடங்கினார். வளர்மதிக்குச் சான்று கிடைத்த அன்றே முத்துப்பேட்டைக்குப் புறப்பட்டார்.

துரைக்கண்ணு வீட்டு வாசலில் அம்சம் மீனை உப்புப் போட்டு உலர்த்திக்கொண்டிருந்தாள். மருதையன் கிட்டே வந்து நின்றார்.

"அவரு சொன்னத நம்புனேன்... உங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல."

"கேக்கலீங்களே" என்றாள் அம்சம். "இத்தன வருஷம் கூட இருந்தும் கேக்கலீங்களே..."

மருதையன் அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். அம்சம் கையைக் கழுவிவிட்டு வந்து அவர் தோளைத் தொட்டாள். "எழுந்திரிங்க. கடைசி பஸ் போயிடும்" என்றாள்.

கல்லூரி திறந்த அன்று மூவரும் கும்பகோணம் போனார்கள். ஆபீசில் இருந்த குமாஸ்தா விவரங்களைக் கேட்டு எழுதிக்கொண்டே வந்தார். அப்பா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டபோது வளர்மதி தயங்கினாள். மருதையன் முன்னால் வந்தார்.

"விவசாயக் கூலிங்க" என்றார். "சொந்த நிலம் கிடையாது."

அம்சம் அவருக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.