பாயோடு வந்த முனிலட்சுமி

ஜவளகிரிப் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் பலகையும் பையும் கொண்டுபோவார்கள். அன்று முனிலட்சுமி கோரைப்பாயைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு போனாள்.

தெருவே வேடிக்கை பார்த்தது. ஒருவர் தமிழில் கேலி செய்தார், ஒருவர் தெலுங்கில், இன்னொருவர் கன்னடத்தில். பத்து வயது முனிலட்சுமிக்கு மூன்றும் புரியும். அதுதான் வம்பு.

"பள்ளிக்கூடத்துல தூங்கப் போறியா?" என்றார் ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஆஞ்சப்பன்.

"ஆமா மாமா. நீங்களும் வர்றீங்களா?" என்று கேட்டுவிட்டு அவள் நடையைக் கட்டினாள்.

இத்தனைக்கும் காரணம் மலேரியாக்காரர் ராஜப்பன். காட்டோரத்து ஊர்களில் குளிர்காய்ச்சல் அதிகம். அதனால் அவர் மாதாமாதம் சைக்கிளில் வருவார். விரல் நுனியில் ஊசியால் ஒரு குத்து. ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவிச் சோதனைக்கு எடுத்துப்போவார். காய்ச்சல் உள்ளவர்கள் ரத்தம் கொடுத்தால் அங்கேயே மாத்திரை கிடைக்கும்.

போன மாதம் அவர் பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது முனிலட்சுமியும் வரிசையில் நின்றாள். ரத்தத்தைப் பார்த்தாள். கண் இருட்டியது. தொப்பென்று விழுந்தாள்.

தரையில் கிடந்தபோது இருட்டு விலகி, ஓட்டுக்கூரை தெளிவாகத் தெரிந்தது. அதற்குள் ஆளாளுக்கு ஓடிவந்தார்கள். "காத்து கருப்பு பட்டிருக்கு, மண்ணுல கெடக்க விடாதீங்க" என்று அவளைத் தூக்கி நிறுத்தி, கையில் இரும்புச் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். நிறுத்தியதும் மறுபடி இருட்டு, மறுபடி தொப். சாவிக்கொத்து தலைமையாசிரியரின் கால்விரலில் விழுந்தது.

"இனிமே நீ ரத்தமே குடுக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டாள் அம்மா சென்னம்மா. தலைமையாசிரியருக்கும் அதே முடிவுதான். அவருக்குக் கால் வலி வேறு.

ஆனால் இந்த வாரம் முனிலட்சுமியை ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர் போட்டு உலுக்கியது. ரத்தம் கொடுக்காவிட்டால் மாத்திரை இல்லை. மாத்திரை இல்லாவிட்டால் காய்ச்சல் போகாது. போர்வைக்குள் நடுங்கிக்கொண்டே அவள் யோசித்தாள். ராஜப்பன் வரும் நாளன்று காய்ச்சல் விட்டிருந்தது; பாயை எடுத்தாள்.

பள்ளி வாசலில் தலைமையாசிரியர் மறித்தார். "நீ வகுப்புல போய் உக்காரு. ஊசியெல்லாம் உனக்கு வேண்டாம்."

"எனக்கு வேணும் ஐயா."

"நீதான் பயந்தாங்கொள்ளி ஆச்சே."

முனிலட்சுமிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"பயந்தவ பாயைத் தூக்கிட்டு வருவாளா? நின்னாத்தான் ஐயா எனக்குக் கண்ணு இருட்டுது. படுத்தா தெளிஞ்சுடுது. அதனால படுத்துக்கிட்டே குடுக்கறேன். கீழ கெடக்கறவ இன்னும் எங்க விழுவா?"

ராஜப்பன் ஊசியைத் துடைத்தபடி சிரித்தார். "சரியாத்தானே சொல்லுது. எனக்கு இது தோணாமப் போச்சே."

அதற்குள் சென்னம்மா மூச்சிரைக்க ஓடிவந்தாள். கையில் அதே சாவிக்கொத்து. "மண்ணோட படுக்காதடி. காத்து விடாது."

"காத்து வந்தா நான் பேசிக்கிறேன். நீ சாவியை இடுப்புல சொருகிக்கோம்மா. நானா எந்திரிக்கிற வரைக்கும் யாரும் என்னைத் தூக்கக் கூடாது. ஐயா, நீங்களும்தான்."

பாயை உதறி விரித்தாள். மல்லாந்து படுத்தாள். விரலை நீட்டினாள்.

சுரீர் என்றது. கண்ணோரத்தில் இருட்டு எட்டிப் பார்த்தது. வந்தா வா என்று கூரையை முறைத்தபடி கிடந்தாள் முனிலட்சுமி. இருட்டு கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டது.

"எடுத்தாச்சு" என்றார் ராஜப்பன்.

சென்னம்மா மகளின் கன்னத்தைத் தொட்டாள். "மயக்கம் வந்துச்சாடி?"

"வந்துச்சு. போயிடுச்சு."

நன்றாகத் தெளியும்வரை படுத்திருந்துவிட்டுத் தானாகவே எழுந்தாள். மாத்திரையை வாங்கி விழுங்கினாள். வேப்பங்காய் தோற்றுவிடும் கசப்பு. ஆனாலும் அவளுக்கு ஒரே சந்தோஷம்.

ராஜப்பன் புதிதாக ஒரு கண்ணாடித் துண்டை எடுத்தார். "பிள்ளைங்க முடிஞ்சுது. ஐயா, இனி நீங்கதான். ஒவ்வொரு தடவையும் ஏதாவது சொல்லித் தப்பிச்சுடறீங்க."

தலைமையாசிரியரின் முகம் வெளுத்துவிட்டது. நெற்றி வியர்வையைத் தோள்துண்டால் துடைத்துக்கொண்டார்.

முனிலட்சுமி பாயைச் சுருட்டக் குனிந்தாள்.

அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னார்: "அது அப்படியே இருக்கட்டும்மா."