நடுவில் விட்ட கறுப்பு

பகலில் அச்சகத்தில் வேலை. சாயங்காலம் பல்கலைக்கழகத்தில் ஓவியத்தில் முதுகலை. புத்தகங்களுக்குப் படம் வரைவது என் பாடம். எங்கள் வகுப்பை இன்று பழைய கட்டடத்தின் மேல்மாடிக்கு மாற்றினார்கள். நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதப் பார்க்கிறேன். எங்காவது பிசகினால், அது என் கண்ணின் பிசகா பயத்தின் பிசகா என்று எனக்கே தெரியாது.

வழக்கமாக மாடலாக உட்காருகிறவர் வரமாட்டார் என்று மதியமே தகவல் வந்துவிட்டது. உருவப் படத்தை இன்று கொடுக்காவிட்டால் இந்தப் பருவம் முழுக்கப் போச்சு. அதனால் சாயங்காலம் அக்காவிடம் கெஞ்சினேன். மருந்துக்கடையில் நாளெல்லாம் நின்றுவிட்டு அப்போதுதான் வெளியே வந்திருந்தாள்.

"சும்மா உக்காரணும், அவ்வளவுதானே? அந்த வேலைக்குத்தான்டி நான் பொறந்ததே," என்றாள்.

மேல்மாடி அறை நீளமாக இருந்தது. ஜன்னல்களுக்குக் கறுப்புச் சாயம் பூசியிருந்தார்கள். ஈரச் சுண்ணாம்பும், நெடுநாள் திறக்காத பெட்டியும் கலந்த வாடை. அறைக்கோடியில் ஒரு சின்ன மேடை, அதன்மேல் ஒரு நாற்காலி, ஒரே ஒரு விளக்கு. பின்னால் வெறும் சுவர்.

அக்கா போய் உட்கார்ந்தாள். பாடம் நடத்தும் மேடம் பயிற்சியைச் சொன்னார்.

"ஆளை வரையாதீங்க. ஆளைச் சுத்தி இருக்கிற காலி இடத்தை மட்டும் கரியால நிரப்புங்க. மிச்சம் நிக்கிற வெள்ளைதான் ஆள். தெரிஞ்சதை வரையக் கூடாது, பாக்கிறதைத்தான் வரையணும்."

நான் எப்போதும்போல இடது மூலையில் தொடங்கி, தாளைவிட அக்காவையே அதிகம் பார்த்துக்கொண்டு, அங்குலம் அங்குலமாகக் கறுப்பாக்கிக்கொண்டு போனேன். அறை முழுக்கக் கரித்துண்டுகள் உரசும் சத்தம்தான்.

முடித்துவிட்டுத் தாளைப் பார்த்தபோது, அதில் வெள்ளை இரண்டு இருந்தது.

ஒன்று அக்கா. இன்னொன்று அவள் தோளுக்குப் பின்னால், ஒரு ஆள் உயரத்துக்கு, குனிந்தபடி. இரண்டுக்கும் நடுவே விரல் அகலத்தில் ஒரு கறுப்புப் பட்டை. அதையும் நான்தான் பூசியிருக்க வேண்டும்.

நிமிர்ந்து பார்த்தேன். அக்காவுக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது.

விட்டுப்போன இடம் என்று நினைத்து அந்த வெள்ளையை நிரப்பப் போனேன். கரி பிடிக்கவில்லை. எண்ணெய் தடவிய தட்டில் தேய்ப்பதுபோல வழுக்கிக்கொண்டே போனது.

"ஏய்," அக்கா மேடையிலிருந்து முணுமுணுத்தாள். "ஜன்னலைச் சாத்துடி. கழுத்துல காத்து அடிக்குது."

ஜன்னல்கள் எல்லாம் சாத்தித்தான் இருந்தன.

எனக்குப் பக்கத்தில் உட்காருகிறவனை நாங்கள் அழிப்பான் என்று கூப்பிடுவோம். ஒரு கோடு போட்டால் இரண்டு கோட்டை அழிப்பான். அவன் என் பக்கம் சாய்ந்தான்.

"உனக்கும் ரெண்டு வந்திருக்கா?"

அவன் தாளைப் பார்த்தேன். அதே வெள்ளை. அதே குனிவு.

"எதையோ கேக்கக் காது குடுக்கிற மாதிரி இல்ல?" என்றான்.

"சும்மா இரு."

"இதை அழிக்க எனக்குக் கையே வரல. எனக்கே."

"போதும், கரியைக் கீழ வைங்க," என்றார் மேடம்.

எல்லோரும் வைத்தோம்.

உரசும் சத்தம் நிற்கவில்லை.

அக்காவுக்குப் பின்னால், சுவர்ப் பக்கமிருந்து வந்தது. மெதுவாக, ஒரே சீராக. பிறகு அடங்கியது. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

மேடம் முதல் வரிசையிலிருந்து தாள்களை வாங்கிக்கொண்டு வந்தார். ஓர் ஆள் உட்கார்ந்திருக்க, இரண்டு ஆள் இருக்கும் படத்தை எப்படிக் கொடுப்பது? வெள்ளையைக் கறுப்பாக்க முடியவில்லை. மீதி வழி ஒன்றுதான். நடுவில் உள்ள பட்டையை அழித்துவிட்டால் இரண்டும் சேர்ந்து, அக்கா ஏதோ போர்வை போர்த்தியிருப்பதுபோல ஆகிவிடும். தவிர, அப்படி ஒரு பட்டையை நான் அங்கே கண்ணால் பார்க்கவில்லையே. பார்க்காததைப் பூசியது என் தப்புதானே?

ரப்பரை எடுத்தேன்.

"அதைத் தொடாதே," என்றான் அழிப்பான். "அது ஒண்ணுதான் ரெண்டுக்கும் நடுவுல இருக்கு."

நான் அழித்தேன். கறுப்பு சுலபமாக வந்தது. எதிர்ப்பக்கத்திலிருந்து யாரோ கைகொடுத்து இழுப்பதுபோல.

"கால் மரத்துப் போச்சுடி, இன்னும் எவ்வளவு நே…" என்று சொல்லிக்கொண்டிருந்த அக்கா, பாதி வார்த்தையில் நிறுத்தினாள்.

மேடம் என் தாளை விளக்குப் பக்கம் தூக்கிப் பார்த்தார். "நல்லா வந்திருக்கு. ஒரே உருவம், தெளிவா இருக்கு."

அக்கா நாற்காலியிலிருந்து எழுந்தாள். மரத்துப்போன கால் என்று தெரியாதபடி நேராக நடந்து வந்தாள்.

"போலாமா?" என்றாள்.

வழியெல்லாம் அவள் என்னைக் கிண்டல் செய்யவில்லை. ஒவ்வொரு வீட்டையும் நின்று பார்த்துக்கொண்டு வந்தாள். நாங்கள் பிறந்து வளர்ந்த தெருவின் முனையில், "எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

கையைக் காட்டினேன்.

அம்மா கதவைத் திறந்தாள். முதலில் என் பக்கத்தில் நின்றவளைப் பார்த்து, விருந்தாளியிடம் பேசும் குரலில், "வாம்மா, உள்ள வா," என்றாள். பிறகு என்னிடம் திரும்பினாள்.

"கூடப் படிக்கிற பொண்ணைக் கூட்டிட்டு வர்றேன்னு முன்னாடியே சொல்ல மாட்டியா? அக்கா எங்கடி?"

நான் பார்த்தேன். அக்காவின் முகம். அக்காவின் மூக்குத்தி. மருந்துக்கடை வாடை. எனக்குத் தெரிவது சரியா, அம்மாவுக்குத் தெரிவது சரியா?

அவளே பதில் சொன்னாள்.

"பின்னாடி வர்றாங்க, ஆன்ட்டி."

இதை எங்கள் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அவள் அக்காவின் கட்டிலில் இருக்கிறாள். அம்மா இன்னும் கதவைச் சாத்தவில்லை. வாசல் விளக்கைப் போட்டுவிட்டு, அக்காவின் செல்லுக்குக் கூப்பிடுகிறாள்.

செல் இங்கேதான், இவள் மடியில் அடிக்கிறது.

இவள் எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள். ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. என்னைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

வாசலிலிருந்து அம்மாவின் குரல் வருகிறது.

"எங்கடி இருக்கே? ஏன்டி அழறே? அங்க லைட் ஏதும் இல்லையா?"