சமன் பொத்தான்

தூத்துக்குடி மிதவை நகரில் காலைக் காப்பிக்கு முன்னால் விரல் வைப்பது வழக்கம். மன அளவியில் ஆள்காட்டி விரலை வைத்து, முதல் வேலையாகச் 'சமன்' பொத்தானை அமுக்க வேண்டும். அப்புறம்தான் திரையைப் பார்ப்பார்கள். நரம்பின் மின் அலை நடுக்கோட்டில் வந்து நின்று மேலும் கீழும் அசையும். அசைவு சிறியதென்றால் பச்சை விளக்கு, வேலைக்குப் போகலாம்.

பேரலை வந்து பழைய நகரை விழுங்கியபோது எல்லா வீட்டு அளவிகளும் ஓயாமல் அலறின. கேட்கச் சகிக்காமல் அலறும் மணியைக் கழற்றிவிட்டு ஊர் கூடிக் கண்டுபிடித்த மருந்து அந்தப் பொத்தான். மின் அலை நிற்கும் உயரத்தைக் கழித்துவிட்டு ஆட்டத்தை மட்டும் காட்டும். அந்த உயரத்துக்குப் பாடப்புத்தகத்தில் டிசி ஆஃப்செட் என்று பெயர், ஊரில் நிலைமட்டம். காய்ச்சல் குறையவில்லை என்று தெர்மாமீட்டரை உதறி வைத்த கதைதான்.

அளவிகளைப் பழுது பார்ப்பது அமலியின் வேலை. அவள் கணவன் ரோமால்ட் கடலடி கேபிள்களைச் செப்பனிடுபவன். அன்று விரலை வைத்தபடியே சொன்னான்:

"இன்னைக்குப் கடல்ல முங்க புது உடுப்பு தாராங்கட்டி. நடுவுல கப்பாசிட்டர் கிடையாதாம். நரம்புல வாறத அப்பிடியே எடுத்து அசையுமாம்."

பொத்தானுக்குப் போன அவன் கையை அமலி பிடித்தாள். பழைய உடுப்பின் கப்பாசிட்டர் நிலைமட்டத்தைத் தடுத்து ஆட்டத்தை மட்டும் உள்ளே விட்டது. புதியதில் இரண்டும் சேர்ந்தே போகும். கூட்டுத்தொகை நூறு மில்லிவோல்ட்டைத் தாண்டினால் உடுப்பு இறுகிப் பூட்டிக்கொள்ளும். ஆழத்தில் பூட்டினால் ஆளை உயிரோடு எடுக்க முடியாது.

"ஏங்க, பொத்தான அமுக்காதீங்க."

"கிறுக்கா பிடிச்சிருக்கு? லாஞ்சு போயிரும்ட்டி."

"ஒரே ஒரு வாட்டி. எனக்காக."

திரை காலியாக இருந்தது. மெஷின் செத்துப்போச்சு என்று ரோமால்ட் சிரித்தான். கோடு திரைக்கு மேலே எங்கோ போயிருக்கிறது என்று அமலி, ஒரு கட்டத்துக்கான மில்லிவோல்ட்டைக் கூட்டித் திரையின் அளவை விரித்துக்கொண்டே போனாள். கடைசியில் திரையின் மேல்விளிம்பில் கோடு தென்பட்டது. பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டிய நிலைமட்டம் எண்பத்தெட்டில் நின்றது. அதன்மேல், தினமும் பச்சை விளக்கு வாங்கித் தந்த அதே ஆட்டம், மேலே பத்து, கீழே பத்து. உச்சி தொண்ணூற்றெட்டு. ஒரு மீன் உரசிப் போனால் போதும்.

அவன் கையை அவள் விடவில்லை. "பாத்தீங்களா? அலை வந்த நாள்லேர்ந்து நீங்க பயந்துக்கிட்டேதான் இருக்கீங்க."

ரோமால்ட் கோட்டையே பார்த்தான். "இதுக்குப் பேரு பயமா? நான் இதுதான் நான்னுல்லா நெனச்சிட்டிருந்தேன்."

லாஞ்சு சங்கு ஊதியது. அவன் எழுந்திருக்கவில்லை. அமலி போனை எடுத்து, லாஞ்சுக்காரர்களிடம் யாரையும் புது உடுப்பில் இறக்காதீர்கள் என்று கத்தினாள். இறக்க மாட்டோம் என்று பதில் வந்ததும்தான் அவளுக்கு அழுகை வந்தது.

"எனக்கும் பாரும்மா" என்று மகள் ஷெரின் விரலை வைத்தாள். பேரலைக்கு நான்கு வருடம் கழித்துப் பிறந்தவள். பழக்கத்தில் பொத்தானுக்குப் போன அவளது இன்னொரு கையை அமலி பிடித்துக்கொண்டாள். பேரலையைக் கண்ணாலும் பார்க்காத பிள்ளைக்கு விரித்த அளவு எதற்கு என்று அளவைப் பழையபடி திருப்பி வைத்தாள்.

திரை காலியாக இருந்தது.