ஆலந்தோப்பில் ஒரு காலிச் சமாதி

"தோண்டாதீங்க...!"

அலறியவர் ருஸ்தம்.

ஜகார்த்தாவின் பெரிய பில்டர். ஆலந்தோப்பு மகான் சமாதியைத் தோண்டி எறியச் சொல்லிப் போன வருடம் முழுக்கக் கோர்ட் படி ஏறியவர்!

கடப்பாறையோடு நின்ற சுகெங்குக்கு ஒன்றும் புரியவில்லை.

"என்ன பாக், ஐயா, நீங்களே இப்படிச் சொல்றீங்க? இது பொய்ச் சமாதி! தோப்பைக் காப்பாத்த நானே திருட்டுத்தனமா கட்டினேன். உள்ள மகானும் இல்ல, யாரும் இல்ல!"

வியாழன்தோறும் அங்கே பூத் தூவி வேண்டிக்கொண்ட கூட்டம் வாயைப் பிளந்தது.

சுகெங் தலையைக் குனிந்துகொண்டார். ஆலமரங்கள் பிழைத்துவிட்டன. ஆனால் அங்கே ஏழைகளுக்கு வரவேண்டிய வீடுகள் நின்றுபோயின. போன வாரம் ஆற்று வெள்ளம் பாலத்தடிக் குடிசைகளில் புகுந்தது. வீட்டுக்காக அங்கே காத்திருந்த ஸ்ரீ என்ற பெண்ணின் கைக்குழந்தை இப்போது ஆஸ்பத்திரியில். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. இன்று காலை அவரே ஸ்டேஷனுக்குப் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்.

"பாதி மரம், பாதி வீடுன்னு கேட்டிருக்கலாம்... பொய் சொல்லித் தொலைச்சேன்!"

இன்ஸ்பெக்டர் யூலியா, ருஸ்தமைப் பார்த்தாள்.

"சந்தோஷப்பட வேண்டியவர் நீங்கதானே? ஏன் இப்படி வேர்க்குது?"

"நான்... திருந்திட்டேன் இபு... அம்மா! தோப்பு அப்படியே இருக்கட்டும். மகான் தூங்கட்டும்!"

"மகானே இல்லன்னு கட்டினவரே சொல்றாரே!"

யூலியா கண்ஜாடை காட்டினாள். கடப்பாறை இறங்கியது.

கல் பெயர்ந்தது... மண் சரிந்தது...

எலும்பாய் ஒரு கை! விரலில் பச்சைக்கல் மோதிரம்!

"ஹெர்மான்!" என்று கத்தினார் சுகெங்.

ருஸ்தமின் பார்ட்னர். சுரபாயாவுக்கு ஓடிவிட்டதாக ருஸ்தம் ஊரெல்லாம் சொல்லித் திரிந்த அதே ஹெர்மான்.

ருஸ்தம் கைகளால் முகத்தை மூடிக்கொண்டார்.

"சமாதி காலின்னு நிரூபிக்கத்தான் ரெண்டு பேரும் தோண்டினோம்... காலியாத்தான் இருந்துச்சு. அப்புறமும் அவன், 'பாவம்டா, பாதி இடத்தைத் தோப்புக்கே விட்டுடலாம்'னான். ஆத்திரத்துல மண்வெட்டியால அடிச்சிட்டேன். மகான் சமாதியை இனி எவன் தோண்டுவான்னு... இதுலயே..."

சுகெங் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பாதி மரம், பாதி வீடு என்று சொன்ன ஒரே மனிதன், அவர் கட்டிய பொய்க்குள் கிடந்தான்.

"இடம் பண்ணிக் கொடுத்தவன் நான்தான் இபு. என் கையிலயும் விலங்கு போடுங்க!"

"உங்க பொய்க்குத் தனியா கேஸ் உண்டு பாக், அவசரப்படாதீங்க."

ருஸ்தமின் கையில் விலங்கை மாட்டினாள் யூலியா.

"ஆனா... வீடே கட்டாம ஆளைக் குடிவெச்ச பில்டரை இன்னிக்குத்தான் பார்க்கறேன்!"