தேய்ப்பு

தண்ணீர் சிவப்பாக வடிந்தது.

இனிகோ தேய்ப்பதை நிறுத்திவிட்டுத் தன் விரல்களைப் பார்த்தான். காயமில்லை. அலுமினியத்தை, நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளான வாட்டர் பேப்பரால் தேய்த்தால் தண்ணீர் கறுப்பாகத்தான் வடியும். இது துருப்பிடிக்கிற உலோகமும் இல்லை.

அவன் தேய்த்துக்கொண்டிருந்த வெளிநாட்டு பைக்கின் சட்டத்தை, அந்த அலுமினிய சேஸை, ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டிக்காரர் முத்துச்சாமி காலையில்தான் கொண்டுவந்து இறக்கினார். பாதி தேய்த்து, பாதி அப்படியே கிடந்தது. "பளபளன்னு வேணுங்க" என்றவர், போகாமல் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். மதிய வெயிலில் பட்டறையின் தகரக்கூரை படபடவென்று விரிய, தோல் பதனிடும் ஷாப் பக்கமிருந்து வந்த காற்றில் ஊறிய தோலின் நாற்றம் மெல்ல மெல்ல உள்ளே நிறைந்தது.

"ஏங்க!" பட்டறையை ஒட்டிய வீட்டிலிருந்து ஐரின் கூப்பிட்டாள். "முதுகு எரியுதுங்க. செத்த வந்து பாருங்களேன்."

போய்ப் பார்த்தான். ரவிக்கைக்கு மேலே அவன் மனைவியின் முதுகு சிவந்து, தோல் வழன்றிருந்தது. நேர்நேரான கோடுகள். அவன் கை போய்வருகிற அதே அகலத்தில்.

"எங்க உரசுன?"

"உரசலைங்க. சும்மாதான் உக்காந்திருந்தேன். இப்பத்தான், திடீர்னு..." பேச்சு அலறலாக மாறியது. "ஐயோ! எரியுதே!"

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக அவளைத் தூக்கினான். வாசலைத் தாண்டுவதற்குள் அவள் உடம்பு வில்லாக வளைந்தது. பட்டறையைப் பார்த்த நிலைப்படியிலேயே உட்காரவைத்தான்.

"தேய்க்கறத நிறுத்துனாத்தானுங்க எரியும்" என்றார் முத்துச்சாமி. எழுந்திருக்கவில்லை. "எங்க வீட்லயும் நான் நிறுத்திப் பார்த்தனுங்க. அவ கத்துனது தெருவுக்கே கேட்டுச்சு. அப்படியே போய்ச் சேந்துட்டா."

"இத ஏய்யா இங்க கொண்டாந்த?"

"பாதியில கிடக்குதுங்களே."

இனிகோ சுத்தியலை எடுத்துச் சேஸில் ஓங்கி அடித்தான். ஐரினின் தோளில் ஏதோ முறிந்தது.

சுத்தியலைப் போட்டான்.

வாட்டர் பேப்பரை எடுத்தான். சேஸின் மேல் வைத்தான். ஒரே ஒரு இழுப்பு.

அலறல் நின்றது.

"அப்பாடா" என்றாள் ஐரின்.

இன்னொரு இழுப்பு. அவள் மூச்சு சீரானது. நிறுத்தினான். அலறினாள். தேய்த்தான். அமைதி.

நிலைப்படியில் அவனுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். பார்க்கக்கூடாதென்று நினைத்தான். பார்த்தான். ரவிக்கை கிழிந்து தொங்கியது. தோல் இல்லை. அதற்குக் கீழே இருந்ததும் குறைந்துகொண்டே வந்தது.

"இன்னும் கொஞ்சம் அழுத்துங்க" என்றாள் அவள். குரலில் தூக்கம். "சொகமா இருக்கு."

அவன் அழுதான். அழுத்தினான்.

முத்துச்சாமி குனிந்து சேஸைப் பார்த்தார். "அந்த மூலையில மங்கலா இருக்குதுங்க."

இனிகோவின் கை மூலைக்குப் போனது. நிலைப்படியில், வெயிலில், ஐரினின் முதுகெலும்பு கணுக்கணுவாக வெளியே வந்து, வெள்ளையாய் மின்னத் தொடங்கியது. அவள் மெல்லச் சிரித்தாள்.